ஒரு வார்த்தை கேட்டீங்களா?

நம் ஊர்க் கல்யாணங்களில் சண்டை எதற்கெல்லாம் வரும்? சீர் வரிசைக்கு வரும். சாம்பாருக்கு வரும். வீடியோக்காரர் மாப்பிள்ளை வீட்டுப் பக்கமே லைட் அடித்ததற்கு வரும். இதெல்லாம் மறுவீட்டுக்குள் ஆறிப்போகிற சண்டைகள். பத்து வருஷம் முகம் கொடுத்துப் பேசாத அளவுக்கு முற்றுகிற சண்டைக்குக் காரணம் வேறு. பந்தி முடிந்து, வெற்றிலையும் போட்டு முடித்த பிறகு, துண்டை ஒரு உதறு உதறித் தோளில் போட்டுக்கொண்டு பெரியப்பா ஆரம்பிப்பார்:

"எல்லாம் சரிப்பா. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "உங்க இஷ்டம், ஜாம் ஜாம்னு செய்யுங்க" என்றுதான் சொல்லியிருப்பார். மண்டபத்தை மாற்றச் சொல்லப் போவதில்லை. மாப்பிள்ளையை மாற்றச் சொல்லப் போவதில்லை. முடிவெடுக்கிற அதிகாரம் அவருக்கு வேண்டவே வேண்டாம். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தப் பெரியப்பா தத்துவத்தை ஒரு ஊரில் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு வித்தியாசம். அங்கே பெரியப்பாவின் வயசு 12-லிருந்து 23-க்குள் இருக்க வேண்டும்!

ஊர், அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ. அமைப்பின் பெயர், யூத் கமிஷன்.

கமிஷன் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது என்று தெரியும். எனக்கும் அதேதான். பி.காம். படித்தவனுக்குக் கமிஷன் என்றால் வீட்டு புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. பேப்பர் படிக்கிறவனுக்குக் கமிஷன் என்றால் ஓய்வு பெற்ற நீதிபதி, ஆறு மாத நீட்டிப்பு, மறுபடி ஆறு மாத நீட்டிப்பு, கடைசியில் தலையணை சைஸில் ஓர் அறிக்கை. மூன்றாவதாகவும் ஒரு வகை உண்டு என்பதை 2023 அக்டோபரில் நேரிலேயே பார்த்தேன்.

அக்கா அந்த ஊரில் இருக்கிறாள். அமெரிக்காவில் உறவுக்காரர் வீட்டுக்குப் போனவர்களுக்கு இந்த அட்டவணை தெரிந்திருக்கும். முதல் வாரம் பெரிய பாலத்தைக் காட்டுவார்கள். இரண்டாவது வாரம் பெரிய கடையைக் காட்டுவார்கள். மூன்றாவது வாரம் காட்ட ஒன்றும் இருக்காது. நாம் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்திருப்போம். அப்படி ஒரு மூன்றாவது வாரத் திங்கட்கிழமை, அக்கா பெண் பள்ளிக்கூடப் பையை இறக்கி வைக்காமலே கேட்டாள். அவளுக்கு வயசு பதினாறு.

"மாமா, சிட்டி ஹாலுக்கு வர்றீங்களா? எங்க ஸ்கூல் பையன் ஒருத்தன் கமிஷனரா இருக்கான். இன்னிக்கு மீட்டிங்."

"கமிஷனரா? தொப்பி, ஜீப்பெல்லாம் குடுத்திருக்காங்களா?"

"ஐயோ மாமா, யூத் கமிஷன்! யார் வேணா போய் உக்காந்து பாக்கலாம். பேசக்கூடச் செய்யலாம். டிக்கெட் எல்லாம் கிடையாது, ஃப்ரீ."

கடைசி வார்த்தையில் செருப்பை மாட்டிவிட்டேன்.

சான் ஃபிரான்சிஸ்கோ சிட்டி ஹால் 1915-ல் திறந்தது. நம் ரிப்பன் மாளிகைக்கு இரண்டு வயசு தம்பி. தம்பி என்றாலும் தலையில் பிரம்மாண்டமான ஒரு கோபுரம். வாசலில் பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாலாவது மாடிக்குப் போனோம். 416-ம் நம்பர் அறை. மர மேஜைகள், மைக்குகள், பெயர்ப் பலகைகள். நம் ஊர்க் கவுன்சில் ஹால் மாதிரியேதான். ஆனால் பலகைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவருக்கு மீசை முளைக்க இன்னும் இரண்டு மழைக்காலம் பாக்கி. இன்னொரு பெண் கூட்டம் ஆரம்பிக்கிற வரை மடியில் வைத்துக் கணக்கு ஹோம்வொர்க் போட்டுக்கொண்டிருந்தாள்.

சரியாக ஐந்து மணிக்குத் தலைவி மேஜையைத் தட்டினாள். அட்டெண்டன்ஸ் எடுத்தார்கள். "உள்ளேன் ஐயா" ஒன்றுதான் குறைச்சல். பிறகு ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, ஓட்டெடுப்பு. அஜெண்டா 72 மணி நேரத்துக்கு முன்பே பொதுமக்கள் பார்வைக்கு வந்திருக்க வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலச் சட்டம் இருக்கிறது. பெரியவர்கள் சபைக்கு என்ன விதியோ அதே விதி இவர்களுக்கும்.

பொதுமக்கள் பேசுகிற நேரம் வந்தது. ஆளுக்கு இரண்டு நிமிஷம். அறுபத்தைந்து மதிக்கத்தக்க ஒருவர் மைக்கைப் பிடித்தார். உலகத்தில் எந்த ஊராக இருந்தாலும் மைக்கைப் பிடித்த அறுபத்தைந்து வயசுக்காரர் ஒரே மாதிரிதான் இருப்பார் போலிருக்கிறது. எழுபதுகளிலிருந்து ஆரம்பித்தார். எண்பதுகளுக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது. தலைவி சிரித்த முகமாக, "ரொம்ப நன்றி சார், அடுத்தவர்" என்றாள். அவரும் தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். ஒரு பள்ளிக்கூடப் பெண் நேரமாயிற்று என்று சொல்லி, ஒரு பெரியவர் கோபப்படாமல் உட்கார்ந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

இனி அந்தக் கமிஷன் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம். ஆபீஸ் போகிறவர்களுக்கு இது ரொம்பப் பழகின விஷயமாகத் தெரியும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

1995-ல் அந்த ஊர் ஜனங்கள் ஓட்டுப் போட்டு இதை உண்டாக்கினார்கள். நகரத்துக்கென்று ஓர் அடிப்படைச் சட்டம் இருக்கிறது, சார்ட்டர் என்கிறார்கள். அதிலேயே எழுதிவிட்டார்கள். அதனால் அடுத்து வருகிற மேயர் தூக்கம் வராத ஒரு ராத்திரியில் இதைக் கலைத்துவிட முடியாது. மொத்தம் 17 பேர். நகரசபையில் 11 உறுப்பினர்கள். அவர்களுக்கு அங்கே சூப்பர்வைசர் என்று பெயர். (நமக்கு சூப்பர்வைசர் என்றால் பரீட்சை ஹாலில் பிட் பிடிக்கிறவர்.) ஒவ்வொரு சூப்பர்வைசரும் ஒரு பிள்ளையை நியமிப்பார். மேயர் ஆறு பேர். அந்த ஆறில் ஐந்து இடம், வழக்கமாக நாற்காலி கிடைக்காத பிரிவுகளைச் சேர்ந்த பிள்ளைகளுக்கு. சட்டப்படி சம்பளம் கிடையாது.

இப்போது முக்கியமான ஷரத்து. குழந்தைகளையும் இளைஞர்களையும் பிரதானமாகப் பாதிக்கிற எந்த விஷயத்திலும் சூப்பர்வைசர்கள் இறுதி முடிவெடுப்பதற்கு முன், சபையின் கிளார்க் அந்தக் கோப்பை யூத் கமிஷனுக்கு அனுப்பியே ஆக வேண்டும். கமிஷனுக்குப் பதில் சொல்ல 12 நாள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் 12 நாள் கழித்துச் சபை தன் இஷ்டப்படி முடிவெடுக்கலாம். பொதுநலன் கருதி உடனே செய்தாக வேண்டிய அவசரம் என்றால் கேட்காமலும் செய்யலாம்.

அவ்வளவுதானா? அவ்வளவுதான். தடுக்க முடியாது. திருத்த முடியாது. கையெழுத்துப் போட மாட்டேன் என்று அடம் பிடிக்க முடியாது. "உங்க இஷ்டம்ப்பா, செய்யுங்க" அல்லது "எனக்கென்னவோ சரியாப் படலை." இந்த இரண்டில் ஒன்றை எழுதிக் கொடுக்கலாம். பெரியப்பாவின் அதே அதிகாரம், கெடு வைத்து!

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? அங்கேயே மனசுக்குள் ஒரு பேலன்ஸ் ஷீட் போட்டுப் பார்த்தேன். பொறுப்புகள் பக்கம்: யாருக்கு ஆலோசனை சொல்லப் போகிறார்களோ அவர்களே இவர்களை நியமிக்கிறார்கள். ஆலோசனையை யாரும் ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. நன்றாக வேலை கற்றுக்கொள்வதற்குள் ஆள் காலேஜுக்குப் போய்விடுகிறான், இல்லாவிட்டால் வயசு தாண்டிவிடுகிறது. சொத்துகள் பக்கம்: கோப்பு வந்தே தீர வேண்டும். எழுதிக் கொடுத்தது பொது ஆவணமாக நிற்கும். வருஷா வருஷம் நகர பட்ஜெட் சமயத்தில், எங்களுக்கு இன்னதெல்லாம் முக்கியம் என்று ஒரு பட்டியல் போட்டு மேயருக்கும் சபைக்கும் கொடுக்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் டாலி ஆகவில்லை. பொறுப்புகள் பக்கம் கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது.

கூட்டம் முடிந்து வராந்தாவில் அந்தக் கமிஷனர் பையனைப் பிடித்தேன். பதினேழு வயசு. கையில் ஸ்கேட்போர்டு. என் இங்கிலீஷில் கேட்டேன்: "நீங்க சொல்றதை அவங்க கேக்கலைன்னா என்ன பண்ணுவீங்க?"

அவன் தோளைக் குலுக்கினான். "திரும்பக் கேப்போம். எனக்கு வயசாயிட்டா அடுத்த செட் கேக்கும்."

பையன் பந்தாவாகச் சொல்கிறான் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த ஊர் பஸ் கதையைப் பார்த்தால் அவன் சொன்னது வெறும் கணக்கு என்று தெரியும்.

அங்கே பஸ், டிராம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ம்யூனி என்று பெயர். 2010 வாக்கில் காசில்லாமல் பள்ளிக்கூட பஸ்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். ம்யூனி மாணவர் பாஸ் கட்டணமோ ஏறிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் போவதற்கே பட்ஜெட் போட வேண்டிய நிலைமை. யூத் கமிஷன், பிள்ளைகளுக்கு ம்யூனி இலவசமாக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது. அம்மா அப்பாக்களும் பேட்டைவாசி அமைப்புகளும் சேர்ந்துகொண்டார்கள். கேட்டார்கள், திரும்பக் கேட்டார்கள். 2013 மார்ச்சில், வருமானம் குறைந்த, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் சோதனையாக ஆரம்பித்தார்கள். 2014-ல் கூகுள் கம்பெனி 68 லட்சம் டாலர் கொடுக்க, திட்டம் தொடர்ந்தது. 2021 ஆகஸ்டில், 18 வயது வரை உள்ள எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசம் என்று ஆக்கினார்கள். முதலில் கேட்ட பிள்ளைகள் அதற்குள் வேலைக்குப் போய் முழு டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்திருப்பார்கள்!

எல்லாக் கேள்விக்கும் இப்படிப் பதில் வந்துவிடவில்லை. நகரத் தேர்தலில் 16 வயசிலேயே ஓட்டு வேண்டும் என்றும் கமிஷன் கேட்டது. 2016-ல் அது ஜனங்கள் ஓட்டுக்கு வந்து, 48 சதவீதம் ஆதரவோடு தோற்றது. 2020-ல் மறுபடி வந்து, 49 சதவீதத்தைச் சற்றே தாண்டி, மறுபடி தோற்றது. பதினாறு வயசுக்காரர்கள் ஓட்டுப் போடலாமா என்று ஓட்டுப் போட்டவர்கள் எல்லோரும் பதினெட்டைத் தாண்டியவர்கள் என்பதைக் கவனிக்க. ஆனால் வளைகுடாவுக்கு அக்கரையில் பர்க்லியும் ஓக்லாந்தும், பள்ளி நிர்வாகக் குழுத் தேர்தலுக்கு மட்டும் 16 வயசு போதும் என்று சொல்லி, 2024 நவம்பரில் அந்தப் பிள்ளைகள் ஓட்டும் போட்டுவிட்டார்கள்.

இன்னொரு தமாஷ். சான் ஃபிரான்சிஸ்கோவில் இப்படிக் கமிஷன், குழு என்று நூற்றுக்கு மேல் இருக்கின்றன. ரொம்ப அதிகமாகிவிட்டது, எது வேண்டும் எது வேண்டாம் என்று பார்க்கலாம் என 2024 நவம்பரில் ஜனங்கள் ஒரு முடிவெடுத்தார்கள். அதற்காக ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவைப் போட்டார்கள். நமக்கும் அவர்களுக்கும் கிட்டத்தட்ட பதினாலாயிரம் கிலோமீட்டர் தூரம் என்று யார் சொன்னது?

இப்போது ஆபீஸ் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஆபீஸில் ஆலோசனைப் பெட்டி ஒன்று இருக்குமே. பூட்டு தொங்கும், சாவி யாரிடம் என்று தெரியாது. நான் வேலை பார்த்த ஓர் அக்கவுண்ட்ஸ் ஆபீஸில் அதன் மேல் பூந்தொட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பெட்டிக்கும் யூத் கமிஷனுக்கும் என்ன வித்தியாசம்? பெட்டியில் நாம்தான் போய்ப் போட வேண்டும். அவர்கள் திறந்தால் உண்டு. அங்கே கோப்பு தேடி வருகிறது. தேதி போட்டு வருகிறது. ஆலோசனை சொல்கிற உரிமை நமக்கும்தான் இருக்கிறது, டீக்கடையில் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அங்கே எதிர்ப்பக்கத்துக்கு ஒரு கடமையை வைத்திருக்கிறார்கள். அதுதான் சமாசாரம்.

நம்மிடம் கொடுக்கிற பழக்கம் உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இலவச பஸ் பாஸ் நம் தமிழ்நாட்டில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எத்தனையோ வருஷம் முன்பே வந்துவிட்டது. அந்தப் பெருமையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் பஸ் எத்தனை மணிக்கு வந்தால் முதல் பீரியடுக்குப் போய்ச் சேர முடியும் என்று அந்தப் பிள்ளைகளைக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள். தமிழில் ‘கேட்பது’ என்றால் கேள்வி கேட்பது, காது கொடுத்துக் கேட்பது இரண்டும்தான். ஒரே வார்த்தையாக வைத்தவர்கள் சும்மா வைத்திருக்க மாட்டார்கள்.

என்னையும் பதினேழு வயசில் யாரும் கேட்கவில்லை. அப்பாவின் ஆபீஸ் நண்பர் ஒருவர், "பி.காம். போட்டுடுங்க, பாங்க் எக்ஸாம் எழுதலாம்" என்றார். அப்ளிகேஷன் நிரப்பித் தயாராக மேஜை மேல் இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு இன்ட்டு மார்க். போட்டேன். கேட்டிருந்தாலும் பி.காம். என்றுதான் சொல்லியிருப்பேன், என் மார்க்குக்கு டாக்டர் சீட் வாசலில் காத்துக்கொண்டிருக்கவில்லை. அப்பா மேல் கோபமும் இல்லை. ஆனால் தேய்மானத்துக்கு எத்தனை முறைகள் என்று கேட்டால் இன்று விழிப்பேன். அந்தப் பென்சில் இன்ட்டு மட்டும் எந்தக் கோணத்தில் சாய்ந்திருந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

போன வருஷம் எங்கள் வார்டில் பகுதி சபா கூட்டம். 2022-ல் தமிழ்நாட்டு நகரங்களுக்கு வார்டு குழு, பகுதி சபா என்று விதிகள் வந்தன அல்லவா, அது. சான் ஃபிரான்சிஸ்கோ பார்த்துவிட்டு வந்த பந்தாவில் நானும் போய் முன் வரிசையில் உட்கார்ந்தேன். முப்பது பேர் இருந்தோம். பாதிக்கு மேல் ரிட்டயர்டு. முக்கியப் பிரச்சினை, தெருக்கோடி மைதானம். பையன்கள் கிரிக்கெட் ஆடி, பந்து ரோட்டுக்குப் போய், இரண்டு கார் கண்ணாடி காலி. ஒருவர் வலை கட்டச் சொன்னார். ஒருவர் வாட்ச்மேன் போடச் சொன்னார். சம்பளம் யார் கொடுப்பது என்று இருபது நிமிஷம் ஓடியது. கடைசியில் சாயந்தரம் ஐந்தரைக்கே கேட்டைப் பூட்டிவிடுவது என்று ஏகமனதாக முடிவானது. ஆடுகிறவர்கள் யாரும் அங்கே இல்லாததால் ஏகமனது சுலபமாக வந்தது.

அறையில் இருபது வயசுக்குக் கீழே ஒரே ஒரு ஆள், டீ கொண்டுவந்த பையன். டீக்கடைக்காரரின் மகன், ப்ளஸ் ஒன் படிக்கிறான். கிளாஸை வாங்கிக்கொண்டே மெதுவாகக் கேட்டேன்.

"நீயும் அங்கதான் ஆடறியா?"

"ஆமாண்ணா."

"ஐந்தரைக்குப் பூட்டிட்டா?"

"டியூஷன் விட்டு வர்றதே ஐந்தரைக்குத்தாண்ணா. பூட்டிட்டா ரோட்லதான் ஆடுவோம்." தட்டைத் துடைத்துக்கொண்டே, ரொம்ப சாதாரணமாகச் சொன்னான்: "ஸ்டம்பை இந்தப் பக்கம் திருப்பி நட்டா பந்து ரோட்டுக்கே போகாதுண்ணா. சுவர்லதான் படும். இந்தப் பக்கம் புதர் இருக்கு, அதை வெட்டினாப் போதும்."

முப்பது பெரியவர்கள், முக்கால் மணி நேரம், வலை, வாட்ச்மேன், பூட்டு. இவன் ஸ்டம்பைத் திருப்பச் சொல்கிறான். செலவு, ஒரு அரிவாள்.

பெரியப்பாவைக் கேட்பது மரியாதைக்காக. இந்தப் பிள்ளைகளைக் கேட்பது அதற்காக மட்டுமில்லை. பந்து எந்தப் பக்கம் போகும் என்று ஆடுகிறவனுக்குத்தான் தெரியும்.

அடுத்த கூட்டத்துக்கு அவனையும் இன்னும் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். நால்வரும் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, இன்டர்வியூவுக்கு வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். "சின்னப் பசங்களுக்கு இங்க என்ன வேலை?" என்று ஒரு குரல் வந்தது. கார் கண்ணாடி உடைந்த ஆசாமியே, "பேசட்டும் சார், பேசட்டும்" என்றார். டீக்கடைப் பையன் ஒரு பேப்பரில் மைதானத்தைப் படமாகவே போட்டுக்கொண்டு வந்திருந்தான். கட்டம் கட்டி, அம்புக்குறி போட்டு, எந்தப் பக்கம் சுவர், எந்தப் பக்கம் ரோடு. அந்தப் பேப்பர் கை மாறிக் கை மாறிக் கடைசி வரிசை வரை போய் வந்தது.

புதரை வெட்டினார்கள். ஸ்டம்ப் திரும்பியது. பூட்டுகிற நேரம் ஏழு என்று பையன்கள் கேட்டார்கள். ஆறரை என்று பரீட்சார்த்தமாக ஒப்புக்கொண்டு மினிட்ஸில் எழுதினார்கள்.

வெளியே வந்ததும், "என்னடா, அரை மணி நேரம் குறைஞ்சுபோச்சே?" என்றேன்.

"பரவால்லண்ணா," என்றான் டீக்கடைப் பையன். "அடுத்த மீட்டிங் எப்போண்ணா?"